மகாதமனியோடு பைபாஸும் செய்தால், கால் ரத்தக்குழாய் ஒட்டு எத்தனை வருடம் தாங்கும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: பால்மரம் வெட்டிய அப்பாவுக்கு மகாதமனியை (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) மாற்றும் ஆபரேஷனும் இதய பைபாஸும் ஒன்றாக நடந்தன. பைபாஸுக்குக் காலிலிருந்து எடுத்த சிரையைச் செயற்கைக் குழாயில் தைத்தார்களாம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமா?

செயற்கைக் குழாயில் தைத்ததற்காக மட்டும் பயப்படாதீர்கள், தம்பி. சிரையின் மேல்முனையை வழக்கமாக மகாதமனியில் தைப்பார்கள். மகாதமனியை வெட்டி டேக்ரான் என்ற செயற்கைக் குழாய் வைத்துவிட்டால், அதில்தான் தைத்தாக வேண்டும்.

உண்மையான சிக்கல் சிரையிடம்தான். குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய அது, திடீரென்று தமனியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். முதல் மாதத்தில் ரத்தம் உறையலாம், அப்புறம் உட்சுவர் தடிக்கும், சில வருடங்களில் கொழுப்பு படியும். 10 வருடத்தில் ஏறக்குறைய பாதி சிரை ஒட்டுகள் அடைபடுகின்றன. மார்புத் தமனி ஒட்டில் 90 சதவீதத்துக்கு மேல் திறந்தே இருக்கும்.

டிஸ்சார்ஜ் கடிதத்தைப் பாருங்கள்: 'லிமா' என்றால் மார்புத் தமனி, 'எஸ்.வி.ஜி.' என்றால் கால் சிரை. பலருக்கு இரண்டும் இருக்கும்.

ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. சிகரெட் அடியோடு வேண்டாம். உலோக வால்வும் வைத்திருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, சீனக்கடை மூலிகை எதுவானாலும் கிளினிக்கில் கேட்டுவிட்டே கொடுங்கள். நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.