டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன், சங்கத்தில் சேரலாமா?

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, வேறொரு கம்பெனியில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியும் முடித்தவன். வயது 22. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ‘டெக்னீஷியன் டிரெய்னி’ என்று இரண்டு ஆண்டுக்கு எடுத்திருக்கிறார்கள். மாதம் 19,500 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். சேர்ந்த அன்றே ‘எந்தத் தொழிற்சங்கத்திலும் உறுப்பினராக மாட்டேன்’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள். உள்ளே இரண்டு சங்கங்கள் இருக்கின்றன. லைனில் இருக்கும் அண்ணன்கள் ஒரு சங்கத்தின் படிவத்தைக் கொடுத்து, மாதச் சந்தா 100 ரூபாய் என்கிறார்கள். “முதலில் பெர்மனன்ட் ஆகு, அப்புறம் சங்கம்” என்கிறார் அப்பா. சேர்ந்தால் வேலை போகுமா? சேராவிட்டால் நஷ்டமா?

பதில்: சேரலாம். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் அப்பா சொல்வதைப் பழைய பயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எந்த நிலையில் இருந்துகொண்டு, எந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்களுக்கான பாதுகாப்பு அமையும்.

முதலில் அந்தத் தாள். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 2020 (பழைய தொழில் தகராறு சட்டம், தொழிற்சங்கச் சட்டம், நிலையாணைச் சட்டம் மூன்றும் இதற்குள் வந்துவிட்டன) சங்கத்தில் சேரக் கூடாது என்று தொழிலாளியை மிரட்டுவதையும், சேர்ந்ததற்காகப் பாரபட்சம் காட்டுவதையும் ‘முறையற்ற தொழில் நடவடிக்கை’ என்கிறது. அபராதம் 10,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. எனவே தாளைத் திருப்பிக் கேட்டு எச்.ஆரிடம் சண்டை போட வேண்டாம். நகல் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் எந்தத் தேதியில், யார் முன்னால், என்ன வாசகத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று இன்றே எழுதி வையுங்கள். நாளை ‘உறுதிமொழியை மீறிவிட்டாய்’ என்று ஒரு மெமோ வந்தால், அந்த மெமோவே நிர்வாகத்துக்கு எதிரான சாட்சியம். வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாக் கடிதங்கள் பல நேரம் அப்படித்தான் பிறக்கின்றன. ஐ.டி.ஐ. சான்றிதழ், அப்ரண்டிஸ் சான்றிதழ் இரண்டின் ஒரிஜினலையும் சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்தால் போதும்.

அடுத்தது, நீங்கள் சட்டத்தின் கண்ணில் யார் என்பது. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவான பயிற்சியாளர், அந்தச் சட்டப்படியே ‘தொழிலாளி’ இல்லை. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்றவை உண்டு; வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் தகராறு எழுப்ப முடியாது. வேறொரு கம்பெனியில் நீங்கள் முடித்த ஓராண்டு அந்த வகை. இப்போதைய வேலை அப்படியல்ல. ‘டிரெய்னி’ என்பது கம்பெனி வைத்த பெயர். பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. செய்யும் வேலையைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். பதிவான அப்ரண்டிஸுக்கு பி.எஃப்.பும் கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. உங்களுக்கு இரண்டையும் பிடிக்கிறார்கள் என்றால், நிர்வாகமே உங்களை ஊழியராக நடத்துகிறது என்பதற்கு அது வலுவான ஆதாரம். ஒவ்வொரு மாத பே ஸ்லிப், இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண், ஷிப்ட் பட்டியலின் படம், அடையாள அட்டையின் இரு பக்கம் ஆகியவற்றை வீட்டில் தனி ஃபைலில் சேருங்கள். ஃபோனில் மட்டும் வைத்தால் போதாது. வேலையை விட்டு நிறுத்தும் நாளில் கம்பெனி ஆப்பின் லாகினும் போய்விடும்.

நியமன ஆணையை இன்னொரு முறை வாசியுங்கள். அதில் ‘குறித்த காலப் பணி’ என்று இருக்கிறதா, ‘பயிற்சி முடிவில் தகுதியைப் பொறுத்து நிரந்தரம்’ என்று இருக்கிறதா? முதல் வகையென்றால், அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமும் சலுகைகளும் உங்களுக்கும் உண்டு. ஓராண்டு முடித்தால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. ஆனால் காலம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் அதைச் சட்டம் ஆட்குறைப்பாகக் கருதுவதில்லை. சங்கத்தில் சேர்ந்ததால்தான் புதுப்பிக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அது எளிதல்ல. எச்.ஆரில் யாரும் அந்தக் காரணத்தை எழுத்தில் தருவதில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் உள்ள ஒரு பிடி இங்கே உதவும். 1981ஆம் ஆண்டு தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டப்படி, 24 மாதத்துக்குள் 480 நாட்கள் தொடர்ச்சியாகப் பணி செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிறார். மத்திய அரசின் புதிய தொகுப்பு ரத்து செய்த சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. 480ஐ நெருங்கும்போது சில நிர்வாகங்கள் ‘பிரேக்’ கொடுப்பதும், பதவிப் பெயரை மாற்றிப் புது ஆணை தருவதும் இதற்காகத்தான். சேர்ந்த தேதியிலிருந்து நாள்கணக்கை நீங்களே ஒரு காலண்டரில் குறியுங்கள். சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் சேர்த்து எண்ணுங்கள். இடையில் எந்த ஆணை கொடுத்தாலும் பெற்ற தேதியை எழுதிக் கையெழுத்திடுங்கள், நகல் வாங்காமல் வராதீர்கள்.

இனி, சேராவிட்டால் நஷ்டமா என்பது. உங்களை வேலையை விட்டு நீக்கினால் சங்கம் இல்லாமலே நீங்கள் தனியாக வழக்கு நடத்தலாம்: சமரச அலுவலரான தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுத்து, அங்கே தீர்வு வராவிட்டால் தொழில் தீர்ப்பாயம் போகலாம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தகராறை எழுப்பிவிட வேண்டும்; முன்பு மூன்றாண்டு இருந்தது. பலர் இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். சம்பளப் பாக்கி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை இவற்றுக்கும் சங்கம் தேவையில்லை. ஆனால் சம்பள உயர்வு, பதவி உயர்வு முறை, ஷிப்ட் மாற்றம், உற்பத்தி இலக்கு, பஸ், கேன்டீன் இவையெல்லாம் கூட்டுத் தகராறுகள். இவற்றில் ஒற்றை ஆளின் மனு செல்லாது.

இதில் ஒப்பந்தத்தின் வகை முக்கியம். லைனில் ‘12(3) போட்டாங்களா, 18(1) போட்டாங்களா’ என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள்தான், பேச்சில் நின்றுவிட்டன. சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும்: சங்கத்தில் இல்லாதவர், நாளை சேரப்போகிறவர் உட்பட. நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போடும் 18(1), கையெழுத்திட்ட தரப்பை மட்டுமே கட்டும். எனவே உங்கள் ஆலையில் கடைசியாகப் போட்டது எது, எப்போது முடிகிறது, அதில் டிரெய்னிகளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். 12(3) போடும் ஆலையில் சேராதவருக்கும் உயர்வு வரும்; 18(1) ஆலையில் வெளியே நிற்பவர் வெளியேதான்.

எண்ணிக்கைக்கும் இப்போது சட்ட மதிப்பு கூடியிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் (ஆலையின் வருகைப் பதிவேட்டில்) உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதத்தை உறுப்பினராகக் காட்டும் சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால் 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். அரசிடம் பெறும் பதிவு வேறு, பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் ஏற்கும் அங்கீகாரம் வேறு என்பதை மறக்க வேண்டாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் மையக் கோரிக்கையே சங்கத்தின் அங்கீகாரம்தான். அந்தச் சங்கத்துக்குப் பதிவு எண் கிடைத்ததே, உயர் நீதிமன்றம் சென்ற பிறகு, 2025 ஜனவரியில்.

எந்தச் சங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பதிவு எண்ணையும் விதிமுறைப் புத்தகத்தையும் கேளுங்கள். டிரெய்னி உறுப்பினராக அதில் இடம் இருக்கிறதா? கடைசி ஆண்டறிக்கையில் தணிக்கை செய்த வரவுசெலவைக் காட்டுவார்களா? தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது? பொறுப்பாளர்களில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் இருக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்ததும் அரியரில் ‘லெவி’ (சங்கத்துக்கான ஒருமுறைப் பிடித்தம்) எவ்வளவு பிடிப்பார்கள்? மாதம் 100 ரூபாயைவிடப் பெரிய தொகை பல நேரம் அதுதான். சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சிஐடியு, ஏஐடியுசி, தொமுச, பிஎம்எஸ் என்று எந்த மத்தியச் சங்கத்தோடு இணைந்திருந்தாலும், அரசியல் நிதி என்பது தனிக் கணக்கு. அதற்குப் பணம் தரும்படி உறுப்பினரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு சங்கத்தின் படிவத்தை எச்.ஆரே எடுத்து நீட்டினால் அந்த நீட்டலே பதில். நிர்வாகம் தானே ஒரு சங்கத்தை வளர்ப்பதும் முறையற்ற நடவடிக்கைப் பட்டியலில் இருக்கிறது. அதே பட்டியலின் மறுபாதியில், சேரச் சொல்லித் தொழிலாளியை நிர்ப்பந்திக்கும் சங்கமும் இருக்கிறது. அண்ணன்கள் கேட்கலாம், மிரட்டக் கூடாது.

சேருவதென்று முடிவெடுத்தால், படிவத்தில் தேதி போட்டு, நகல் எடுத்து, உறுப்பினர் எண்ணுள்ள ரசீது வாங்குங்கள். சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்க நீங்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். தந்தால் உங்கள் பெயர் அந்த மாதமே நிர்வாகத்தின் கையில். உங்கள் நிலையில் இருப்பவர் நிரந்தரம் ஆகும்வரை சந்தாவைக் கையில் கட்டி ரசீது வாங்குவதே நல்லது. இடைவெளி விடாதீர்கள். சில மாதம் கட்டாமல் விட்டால் பல சங்கங்களின் விதிப்படி உறுப்பினர் தகுதி போய்விடும், மெமோ வந்த வாரம் ஓடிப்போய்க் கட்டினால் பயன் இல்லை. பொறுப்பாளர் பதவி இப்போது வேண்டாம். தகராறு நடக்கும்போது அனுமதியில்லாமல் நீக்க முடியாத ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளி’ என்ற தகுதி பொறுப்பாளர்களுக்குத்தான். அதுவும் மொத்தத் தொழிலாளர்களில் ஒரு சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகம் 100 பேர். சாதாரண உறுப்பினருக்கு அந்தக் கேடயம் கிடையாது.

வேலை போவது பெரும்பாலும் சேர்ந்ததால் அல்ல, சேர்ந்தபின் செய்யும் சின்னத் தவறுகளால். ஷிப்ட் நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் சூப்பர்வைசரைத் திட்டி ஒரு ஆடியோ, சொல்லாமல் இரண்டு நாள் லீவு, லைனில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது. நிர்வாகம் தேடும் காரணத்தை நாமே எழுதிக் கொடுப்பதுபோல. ‘நாளை எல்லோரும் கேஷுவல் லீவு போடுவோம்’ என்பதும் இனி பாதுகாப்பான வழி அல்ல: 50 சதவீதத் தொழிலாளர்கள் ஒரே நாளில் சேர்ந்து விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம் என்றே புதிய சட்டம் வரையறுக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் முடியாமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். சமரசப் பேச்சு நடக்கும்போது செய்தாலும் அப்படியே. தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நோட்டீஸின் நகலை உங்கள் கண்ணால் பார்க்காமல் வெளியே உட்காராதீர்கள்.

சங்கம் நடத்தினால் கேஸ் போட்டு சொத்தை எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் ஊரில் உண்டு. அதற்கு ஒரு காலம் இருந்தது. 1918இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனின் தலைவர்கள் மீது பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில் நிர்வாகம் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. அந்த அனுபவத்தின் பிறகு வந்த 1926 தொழிற்சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கத்தின் சட்டபூர்வச் செயல்களுக்கு அத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தந்தது. புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. சாலை மறியல், கைகலப்பு, இயந்திரச் சேதம் எதுவும் அந்தப் பாதுகாப்பில் வராது.

மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு மட்டும் எழுதுங்கள். ‘தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று எச்.ஆர். மேசையில் உட்கார்ந்து எழுதித் தராதீர்கள். பதிலுக்கு அவகாசம் கேட்டு எழுதுங்கள். உள்விசாரணை வைத்தால் துணைக்கு ஒரு சக தொழிலாளியையோ சங்கப் பொறுப்பாளரையோ அனுமதிக்கக் கோருங்கள். மாதம் 100 ரூபாய்க்கு உண்மையில் பயன் தெரியும் இடம் இது. கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் விசாரணைப் பதிவேடே வேறு மாதிரி இருக்கும், பின்னால் தீர்ப்பாயம் படிப்பதும் அந்தப் பதிவேட்டைத்தான். சஸ்பென்ட் செய்தால், தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி, 180 நாள் வரை முக்கால், அதன்பின் முழுச் சம்பளம் பிழைப்பூதியமாக வர வேண்டும். வராத முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவிடம் நியமன ஆணையைக் காட்டி, 480வது நாள் எந்தத் தேதியில் விழுகிறது என்று இருவரும் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். விதிமுறைப் புத்தகத்தையும் கடைசி ஒப்பந்தத்தின் நகலையும் சங்கத்திடம் கேட்டு வாங்கிப் படித்தபின், படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அந்த இரண்டையும் தர மறுக்கிற சங்கமானால், மற்ற சங்கத்திடம் கேளுங்கள்.