மாதம் 10 சேலைக்கு 10,000 பேர் எதற்கு?

கேள்வி: அக்கா, நான் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். அம்மாவும் இரண்டு பெரியம்மாக்களும் சுங்குடிச் சேலைக்கு (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது) முடிச்சுப் போடுகிறவர்கள். வீட்டு வேலைக்கு நடுவே மூன்று பேரும் கட்டினால் மாதம் 10 சேலை வரும். அதை இன்ஸ்டாகிராமில் விற்கலாம் என்று 14 மாதத்துக்கு முன்னால் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். கூடவே கொஞ்சம் பிரிண்ட் சேலையும் வாங்கி விற்கிறேன். ஒரு நாள் விடாமல் போஸ்ட் போட்டும் 612 ஃபாலோயர்ஸ்தான். கட்டுச் சேலை மாதம் 4 போனால் பெரிது, அதுவும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வாங்குவது. 4,000 ரூபாய் கொடுத்தால் 10,000 ஃபாலோயர்ஸ் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? எனக்கு கேமரா முன்னால் பேசவும் வராது. தீபாவளிக்குள் தேறவில்லை என்றால் பேசாமல் ஜவுளிக்கடை வேலைக்குப் போ என்கிறார் அண்ணன்.
பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புத் தங்கைக்கு,

வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், அந்த ஆள் மறுபடியும் போன் செய்வதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

2019-ல் எனக்கு ஒரு டெரகோட்டா நகைப் பக்கம் இருந்தது. அப்போது ஒருவரிடம் பணம் கொடுத்து 5,000 ஃபாலோயர்ஸ் வாங்கினேன். ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. வந்தவர்களில் ஒருவர்கூட ஒரு தோடு என்ன விலை என்று கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே ஆளே இல்லை, வெறும் பெயர்கள். இரண்டு மாதத்தில் பாதி காணாமல் போனது. இப்படி ஏற்றப்படும் போலி லைக்கையும் ஃபாலோவையும் நீக்கப் போவதாக இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. அதைவிட வலித்தது வேறு. கோயம்புத்தூரிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு அம்மா, "5,000 பேர் இருக்கிற பக்கத்தில் 12 லைக்தான் இருக்கிறது, இது நிஜமான கடைதானா?" என்று கேட்டுவிட்டார். அவரிடம் அந்த நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மாதம் 10 சேலை, அதில் 4 ஏற்கெனவே போகிறது. அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது மாதம் இன்னும் 6 பேர். 10,000 பேரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அவர்கள் எல்லோரும் நிஜ மனிதர்களாகவே இருந்து நாளைக்கே ஆர்டர் போட்டாலும், உங்கள் பெரியம்மாக்களுக்கு இருப்பது இரண்டிரண்டு கைதானே. இந்த ஒரு கணக்கைப் போடாமல்தான் கைத்தொழில் செய்கிற நிறையப் பேர், பெரிய கம்பெனிகள் பார்க்கும் எண்ணிக்கையைத் தங்களுக்கும் இலக்காக வைத்துக்கொண்டு மனசு உடைந்து போகிறார்கள்.

உங்கள் பக்கத்தை நேற்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி 60 போஸ்ட். அதில் 23 வாழ்த்துப் போஸ்டர்கள்: ஆடிப்பெருக்கு, தந்தையர் தினம், நட்பு தினம், ஆடி வெள்ளி என்று ஒன்று விடவில்லை. 18 ஆஃபர் போஸ்டர்கள். மீதியில் பெரும்பாலும் சேலையை மடித்து வைத்து, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பூவோடு எடுத்த படங்கள். ஸ்க்ரோல் செய்துகொண்டே போனவள் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டேன். 11 விநாடி வீடியோ ஒன்று, கை ஆடி ஆடி எடுத்தது, வெளிச்சமும் சரியில்லை. உங்கள் அம்மா என்று நினைக்கிறேன், சாயம் காய்ந்த ஊதாச் சேலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுக்கிறார். படபடவென்று முடிச்சுகள் தெறித்து, வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் கண் திறந்த மாதிரி வருகின்றன. நான் ஆறு தடவை பார்த்தேன்.

அந்த ஒரு வீடியோவை 4,100 பேர் பார்த்திருக்கிறார்கள். 37 பேர் விலை கேட்டிருக்கிறார்கள். நீங்கள் 9 பேருக்கு "டிஎம் செய்யவும்", அதாவது தனிச் செய்தியில் கேளுங்கள், என்று பதில் போட்டிருக்கிறீர்கள். மற்ற 28 பேருக்கு ஒன்றுமே இல்லை.

நீங்கள் தேடுகிற அந்த 6 பேர் இந்த 28 பேருக்குள்தான் நின்றுகொண்டிருந்தார்கள், தங்கச்சி. கடைக்குள் வந்து விலை கேட்டவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு, வாசலில் போகிறவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

காசு செலவழிக்காமல் இன்ஸ்டாகிராமில் வளர்வது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ரீல்ஸ் போட்டால் முதலில் அதைக் கொஞ்சம் பேருக்குக் காட்டுவார்கள், உங்களைத் தெரியாதவர்களும் அதில் உண்டு. அவர்கள் நின்று பார்த்தால், லைக் போட்டால், இன்னொருவருக்கு அனுப்பினால், அடுத்த கூட்டத்துக்குப் போகும். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள் என்ற இந்த மூன்றும்தான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். அதிலும் உங்களை ஃபாலோ செய்யாதவர்களிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் அந்த 'அனுப்புதல்' ரொம்ப முக்கியம். இப்போது யோசித்துப் பாருங்கள், நட்பு தின வாழ்த்துப் போஸ்டரை யார் யாருக்கு அனுப்புவார்கள்? முடிச்சு தெறிக்கிற வீடியோவை ஒரு மகள் அம்மாவுக்கு அனுப்புவாள், "இதைப் பாரேன், பாட்டி கட்டுவாளே" என்று.

அதனால் தினம் ஒரு போஸ்ட் என்பதை இன்றோடு விடுங்கள். வாரம் மூன்று போதும், மூன்றும் கை வேலையாக இருக்கட்டும். துணியில் புள்ளி குறிப்பது, நகத்தால் கிள்ளி நூலைச் சுற்றுவது, சாயத்தில் முக்குவது, மொட்டை மாடிக் கொடியில் காய்வது, கடைசியில் அந்த இழுப்பு. ஒரே சேலையை முதல் புள்ளியிலிருந்து கடைசி வரை தொடர்ந்து காட்டினாலே இரண்டு வாரத்துக்கான வீடியோ கிடைத்துவிடும், பார்க்கிறவர்களும் அது எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். வீடியோவை லோகோவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், இழுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். போனை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், காலை 8 மணி வெயில் சாய்வாக விழும் இடத்தில் உட்காருங்கள். ஃபில்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். மெரூன் என்று நினைத்து வாங்கியது வீட்டில் பிரித்தால் செங்கல் நிறமாக இருந்தால் அந்த வாடிக்கையாளர் அதோடு போய்விடுவார். வெயிலில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சினிமாப் பாட்டும் போடாதீர்கள், பிசினஸ் கணக்குகளுக்கு அந்தப் பாட்டுகளைப் பயன்படுத்த அநேகமாக அனுமதி இருக்காது, வீடியோவின் சத்தத்தையே எடுத்துவிடுவார்கள். அந்த முடிச்சுச் சத்தத்துக்கு மேல் என்ன பாட்டு வேண்டும்?

கேமரா முன்னால் பேச வராது என்கிறீர்கள். பேச வேண்டாம். உங்கள் முகமே வேண்டாம், கைகள் போதும். யாராவது பேசித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் பெரியம்மாக்களைப் பேச விடுங்கள், அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியிலேயே. கீழே தமிழில் எழுத்துப் போட்டுவிடுங்கள். பரமக்குடி, சேலம், கும்பகோணம், திண்டுக்கல், தஞ்சாவூர் என்று எத்தனை ஊரில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் இருக்கின்றன! தங்கள் வீட்டு மொழியில் ஒரு பெரியம்மா முடிச்சுப் போட்டபடி கதை சொல்வதைப் பார்த்தால் ஒவ்வொரு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் அது சுற்றும். வீடியோ எடுக்கும் நாளில் அவர்களுக்கு வேலை கெடும் இல்லையா? அந்த 4,000 ரூபாயை அவர்களுக்குக் கூலியாகக் கொடுங்கள், மிச்சத்தில் போனுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்குங்கள்.

அடுத்தது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. பிரிண்ட் சேலையையும் கட்டுச் சேலையையும் 'சுங்குடி' என்ற ஒரே பெயரில் பக்கத்தில் கலந்து போட்டிருக்கிறீர்கள். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-ல். ஆனால் வாங்குகிறவர்களில் நிறையப் பேருக்கு எது கையால் கட்டியது, எது அச்சடித்தது என்றே தெரியாது. 700 ரூபாய் சேலைக்குப் பக்கத்தில் 2,400 ரூபாய் சேலை, இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், பார்க்கிறவர் உங்களைத்தான் சந்தேகப்படுவார். பிரிண்ட் விற்பது தப்பே இல்லை, 'பிரிண்ட்' என்று எழுதி விற்றுவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, விரலால் தடவிக் காட்டி ஒரு வீடியோ போடுங்கள்: கட்டியதில் புள்ளி ஒன்றைப் போல் ஒன்று இருக்காது, நூல் இறுக்கிய இடத்தில் துணி சின்னதாக மேடு தட்டி நிற்கும், அச்சடித்தது தட்டையாக, எல்லாம் ஒரே அளவாக இருக்கும். இந்த வித்தியாசத்தை உங்களிடம் கற்றுக்கொண்டவர் வாங்கும்போதும் உங்களிடம்தான் வருவார்.

இன்னும் என்ன போடுவது என்று தெரியாத நாளில் கமென்ட்டைத் திறந்து பாருங்கள், மக்களே சொல்லியிருக்கிறார்கள். "சாயம் போகுமா?" என்று 8 பேர் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் "போகாது சிஸ்" என்று ஒரு வரி போட்டுவிட்டீர்கள். அம்மாவைக் கேளுங்கள், முதல் அலசலில் கொஞ்சம் விடும் என்றால் விடும் என்றே சொல்லுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பு போட்டு, புதுச் சேலையைத் தனியாக அலசி, தண்ணீர் என்ன நிறமானது என்பதை அப்படியே காட்டி, நிழலில் காயப் போடுங்கள். ஒளிக்காமல் காட்டுகிற கடையைத்தான் நம் பெண்கள் நம்புகிறார்கள்.

விலையும் அப்படித்தான். போஸ்ட்டிலேயே எழுதுங்கள். "டிஎம் செய்யவும்" என்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் நகர்ந்துவிடுகிறார்கள், கேட்டுவிட்டு வாங்காமல் போனால் நன்றாக இருக்காதே என்ற கூச்சம் வேறு. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று பயந்தால், அவர் எப்படியும் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

வாட்ஸ்அப்பை இப்போது வெறும் ஸ்டேட்டஸ் போடத்தான் வைத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறி, கேட்லாக்கில் 10 சேலையையும் விலையோடு ஏற்றுங்கள், விற்றதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போடும் செய்தி, உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும், இது நிறையப் பேருக்குத் தெரியாமல் 'யாரும் பார்ப்பதில்லை' என்று புலம்புகிறார்கள். அதனால் பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: இந்தச் சேலைக்கு முடிச்சுப் போட்டது யார், எத்தனை நாள் ஆனது, எப்படி அலசுவது, கடைசியில் 'அடுத்த சேலை தயாரானதும் சொல்ல, இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்'. 15 நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர்களை நேரில் பார்த்தும் விற்கிறீர்கள் என்றால் கூகுளிலும் ஒரு பிசினஸ் புரொஃபைல் இலவசமாகப் போட்டுவிடுங்கள், வீட்டு விலாசம் வெளியே தெரிய வேண்டாம் என்றால் மறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. அப்புறம், வெளி மாநிலத்திலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தால் ஜிஎஸ்டி பற்றி ஒரு ஆடிட்டரிடம் போய்க் கேட்டுவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கே பணம் கட்டி வீடியோவை பூஸ்ட் செய்யலாமா (விளம்பரமாகக் காட்ட வைக்கலாமா) என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இப்போது வேண்டாம். தானாக ஓடிய வீடியோ நாலைந்து சேர்ந்த பிறகு, அதில் நன்றாக ஓடியதற்கு 500 ரூபாய் போட்டுப் பார்க்கலாம்.

அண்ணன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, 14 மாதம் அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் வைத்த கெடுதான் தப்பான சீசனில் விழுகிறது. தீபாவளிக்கு நம் ஊரில் பட்டும் ஃபேன்சியும் எடுப்பார்கள். காட்டன் சுங்குடியைத் தேடுவது பங்குனி வெயில் ஏறும்போதுதான், சித்திரைத் திருவிழா சமயத்தில் மாசி வீதிகளில் நடந்து பார்த்தாலே தெரியும். சித்திரை வரை நேரம் கேளுங்கள். வெறுமனே கேட்காமல் ஒரு நோட்டில் மாதாமாதம் மூன்று எண்ணை மட்டும் எழுதி அவரிடம் காட்டுங்கள்: எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன், எத்தனை சேலை தெரியாதவர்களுக்குப் போனது. ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையை அந்த நோட்டில் எழுதவே வேண்டாம். மூன்றாவது எண் தொடர்ந்து பூஜ்யமாகவே இருந்தால் அப்போது அண்ணன் சொல்வதைக் கேட்கலாம், நானே அதைச் சொல்வேன்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு அந்த 28 பேருக்கும் பதில் போடுங்கள். மாதங்கள் ஆகிவிட்டது என்று கூச்சப்படாதீர்கள், பதில் போட்டால் அவர்கள் போனுக்கு நோட்டிஃபிகேஷன் போகும். ஒரே வரியை காப்பி செய்து ஒட்டாமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: "தாமதத்துக்கு மன்னிக்கணும் அக்கா. அந்த ஊதா போய்விட்டது, விலை 2,400. இப்போது பெரியம்மா பச்சையில் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை முடிச்சு பிரிக்கிறோம், வீடியோ போடுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."