மாரிக்கு வீட்டைக் கணகணப்பாக்குவது எப்படி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசி மழை தொடங்கினதில் இருந்து வீட்டு உள் அலங்காரம் பற்றிப் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேலாகத் திரைச்சீலையும் கதிரை உறையும் தைத்துக் கொடுக்கிறேன். பழைய வீடு திருத்துகிறவர்களோடும் சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, வெளிநாட்டு வீட்டுப் படங்களில் வருகிற மாதிரி தடித்த கம்பளம், வெல்வெட் திரை எல்லாம் போட்டால் எங்கள் வரவேற்பறையும் மாரியில் அப்படி இருக்குமா?

கம்பளத்தைத் தயவு செய்து வாங்காதீர்கள். பனி பெய்கிற ஊர்களில் ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் காற்று காய்ந்துபோய் இருக்கும், அங்கே கம்பளம் சரி. இங்கே தை மாத விடியற்காலையில் கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. எங்களை வருத்துவது ஈரம். ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும் விடாத மழையில் தடித்த கம்பளம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும். பூஞ்சணம் பிடித்தால் அந்த மணம் பிறகு போகவே போகாது.

பருத்தியை அடுக்குங்கள். யன்னலுக்கு ஒரு மெல்லிய திரை, அதன் மேல் உள்துணி வைத்துத் தைத்த கனமான கைத்தறித் திரை. திரைக்கம்பியை யன்னல் சட்டத்தோடு ஒட்டிப் போடாமல் ஒரு முழம் மேலே தூக்கிப் போடுங்கள், துணி நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். அறை உயரமாகத் தெரியும். பணக்கார வீட்டுத் தோற்றத்தில் பாதி அந்த ஒரு முழத்தில்தான் இருக்கிறது. நிலத்துக்கு நல்ல பின்னல் பனையோலைப் பாய். 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் ஓலைப் பொருட்கள் கிடைக்கும். வெயில் எறிக்கிற நாளில் பாயைத் தூக்கி முற்றத்தில் போட மறக்காதீர்கள்.

சுன்னாகத்தில் இருந்து ஒரு தம்பி: வீடு புதுசு, தளபாடமும் நல்லது. ஆனால் இரவில் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

தம்பி, உங்கள் வீட்டு பல்ப் பெட்டியைப் பாருங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். அது பட்டப்பகல் வெள்ளை. 2700 அல்லது 3000 என்று போட்டது வாங்குங்கள், பழைய குண்டு பல்பின் மஞ்சள் நிறம் வரும். அடுத்தது, நடு முகட்டில் ஒரே ஒரு லைற் எரிந்தால் முகங்களில் நிழல்தான் விழும். அதை அணைத்துவிட்டு, கதிரையில் இருக்கிற ஆளின் கண்மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று சின்ன விளக்கு வையுங்கள்: ஒன்று மூலையில், ஒன்று கதிரைக்குப் பக்கத்தில். குசினிக்கும் பிள்ளைகள் படிக்கிற மேசைக்கும் மட்டும் வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும்.

நல்லூரில் இருந்து ஓர் அம்மா: பாட்டன் காலத்து நாற்சார் வீடு, நடுவில் முற்றம் வைத்துக் கட்டினது. ஒவ்வொரு மாரிக்கும் சுவர் வெள்ளையாகப் பூத்து, பெயின்ற் கொப்புளித்துக் கொட்டுகிறது. வடிவான சுவர்த்தாள் ஒட்டி மறைக்கலாமா?

அம்மா, மறைக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல நல்ல வீடுகள் இப்படித்தான் கெடுகின்றன.

பழைய வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது மழைக்கு ஈரத்தை வாங்கும், வெயிலுக்கு விட்டுவிடும். அந்தச் சுவருக்கு மேல் சீமெந்து பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் மாதிரி மினுங்குகிற பெயின்றும் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளே நிற்கிற தண்ணீர் உப்பையும் தள்ளிக்கொண்டு வந்து பெயின்றை உரிக்கும். என் சொந்த வீட்டிலேயே ஒரு முறை விலை கூடின பெயின்ற் அடித்தேன். அடுத்த மார்கழியில் விரலால் தொட்ட இடமெல்லாம் அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. சுவர்த்தாள் ஒட்டினால் அதன் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் வளரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது ஒன்றும் அடிக்காதீர்கள். முதலில் கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி அடைத்திருக்கிறதா, ஓடு விலகியிருக்கிறதா, சுவரடியில் மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். பங்குனி வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, பெயின்றை முழுக்கச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். கொஞ்சம் சிவப்புக் காவியோ மஞ்சள் காவியோ கலந்தால் வருகிற அந்த மங்கல் நிறம் விளக்கு வெளிச்சத்தில் பட்டுப் போல இருக்கும், எந்தப் பெயின்றிலும் அது வராது. அதுவரைக்கும் அலுமாரிகளைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

காரைநகரில் இருந்து ஒருவர்: இரவில் குளிர்காற்று. மண்சட்டியில் தணல் போட்டு அறைக்குள் வைத்தால் நன்றாக இருக்குமே?

பூட்டின அறைக்குள் வேண்டவே வேண்டாம், ஐயா. கரித்தணலில் இருந்து கார்பன் மோனோக்சைட் வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் ஆள் போனால் போனதுதான். தணல் மேல் ஆசை என்றால் திறந்த விறாந்தையில் வைத்துச் சுற்றி இருங்கள். படுக்கைக்கு, உடம்போடு படுகிற மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்றும் அதன் மேல் ஒரு போர்வையும் போதும்.

கோண்டாவிலில் இருந்து: சிவப்புச் சீமெந்து நிலத்தை உடைத்து ரைல்ஸ் போடலாம் என்கிறார்கள்.

வெடிப்பு இல்லாவிட்டால் உடைக்காதீர்கள். சிவப்பு மெழுகைத் துணியில் மெல்லிசாக எடுத்துப் பூசி, காய்ந்தபின் தேங்காய்ப் பொச்சால் ஒரே திசையில் தேயுங்கள். மூன்றாம் நாள் தேய்ப்பில் நிலத்தில் விளக்குச் சுடரின் நிழல் தெரியும். 

ரொறன்ரோவில் இருந்து: ஊரில் இருந்து முதிரை மர மேசையும் ஓலைப் பெட்டிகளும் கொண்டுவந்தோம். குளிர்காலத்தில் மேசை வெடிக்கிறது, ஓலை நொறுங்குகிறது. வீட்டில் ஊர்க்களை வரவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டோம்.

அங்கே பிரச்சினை தலைகீழ். ஹீற்றர் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சுகிறது. சூட்டுக்காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் அவற்றை வைக்காதீர்கள். காற்றை ஈரப்படுத்துகிற கருவி போட்டு, ஈரப்பதன் 30 முதல் 40 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். ஓலைப் பெட்டியை ஈரத்துணியால் அவ்வப்போது இலேசாக ஒற்றினால் வளைந்து கொடுக்கும். பிறகு, மேசை நடுவில் பழப்புளி போட்டு மினுக்கின ஒரு பித்தளைச் செம்பு மட்டும் வையுங்கள். ஊரில் இருந்து கொண்டுபோன எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கினால் கடை மாதிரி இருக்கும்.

மானிப்பாயில் இருந்து: மழைக்காலத்தில் வீடு முழுக்க ஒரு புழுங்கல் மணம். என்ன வாசனை திரவம் நல்லது?

வாசனை பிறகு. ஈர உடுப்பை வீட்டுக்குள் காயப்போடுவதை நிறுத்துங்கள், முடியாவிட்டால் ஒரே அறையில் காற்றாடி போட்டு அங்கே மட்டும். மழை விட்ட மத்தியானத்தில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வையுங்கள். அப்புறம் பின்னேரம் கொஞ்சம் சாம்பிராணி.

உரும்பிராயில் இருந்து ஒரு பிள்ளை: மார்கழியில் மாமா குடும்பம் லண்டனில் இருந்து வருகிறது. கையில் பெரிய காசு இல்லை. ஒரே ஓர் இடத்தையாவது வடிவாக்க வேண்டும்.

விறாந்தையைத் தெரிவு செய், பிள்ளை. சாய்மனைக் கதிரை இருக்கிறது என்றும் பிரம்பு தொய்ந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். இழை அறாமல் இருந்தால் புதுசாகப் பின்னத் தேவையில்லை. கதிரையைக் கவிழ்த்து, பிரம்பின் அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் நன்றாக நனைத்துவிட்டு, வெயிலில் காயவிடு. காயக் காயப் பிரம்பு சுருங்கி இறுகும். முழுக்கக் காயும் வரைக்கும் ஒருவரையும் அதில் இருக்க விடாதே. பக்கத்தில் ஒரு சின்ன மேசை, 2700 பல்ப் போட்ட ஒரு விளக்கு, அம்மாவின் பழைய நூல் சீலையில் தைத்த ஒரு தலையணை உறை, அகன்ற சட்டித் தண்ணீரில் நாலு செவ்வந்திப் பூ.

திருவெம்பாவை நாட்களில் விடிய முதலே விறாந்தையில் விளக்கை ஏற்றி வை. சங்கு ஊதி, சேமக்கல மணி அடித்துத் திருவெம்பாவை பாடுகிறவர்கள் ஒழுங்கைக்குள் வருகிற நேரம் மாமா எழும்பி வந்து அந்தக் கதிரையில்தான் இருப்பார், கையில் தேத்தண்ணியோடு.