பாட்டியின் பல்லும் வெற்றிலை உரலும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்திருக்கின்றன. கிளிப் போட வேண்டும், அதற்கு முன் நான்கு நல்ல பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். என் பாட்டி எண்பது வயதிலும் கரும்பைப் பல்லால் உரித்தவர். இன்றைய சாப்பாடுதான் காரணமா? மூன்று வயது மகனுக்கு இன்னும் சோற்றை மிக்ஸியில் அரைத்துத்தான் கொடுக்கிறோம். பழைய உணவுக்குத் திரும்பினால் இருவருக்கும் பல் சரியாகிவிடுமா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

முதலில் அந்த மிக்ஸியை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பாட்டியை நம்புகிறேன். என் பாட்டியிடம் கையளவு இரும்பு உரல் ஒன்று இருந்தது. வெற்றிலையையும் பாக்கையும் அதில் லொட்டு லொட்டென்று இடித்துக் குழைத்த பிறகுதான் வாயில் போடுவாள். மெல்லப் பல் இல்லை. எங்கள் தெருவில் பல திண்ணைகளில் அந்தச் சத்தம் கேட்கும். கரும்பு கடித்த பாட்டியைக் குடும்பம் தலைமுறைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது, உரல் இடித்தவளை யார் நினைக்கிறார்கள்? மொரோக்கோவின் தஃபோரால்ட் குகையில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைச் சமூகத்தாரின் பற்களில் ஏறக்குறையப் பாதி சொத்தை. சர்க்கரையும் மைதாவும் அறியாதவர்கள் அவர்கள். மாவுச்சத்து மிகுந்த ஓக் கொட்டைகளே அவர்களைக் கெடுத்தன.

சொத்தை வேறு, நெரிசல் வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

உங்கள் மகளுக்கு இருப்பது நெரிசல். பல்லின் அளவு, அது ஈறைக் கிழித்து வெளிவரும் முன்பே எலும்புக்குள் முடிவாகிவிடுகிறது. தாடை அப்படியல்ல. மெல்லும் வேலைக்கு ஏற்ப வளரும் எலும்பு அது. வேலை குறைந்தால் தாடை சற்றுக் குறுகி நின்றுவிடும், பற்களோ தங்கள் முழு அளவில் வந்து சேரும். பத்துப் பேர் பெஞ்சில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்த கதைதான். ஹைராக்ஸ் என்று முயல் அளவில் ஓர் ஆப்பிரிக்க விலங்கு உண்டு. பரிணாம உயிரியல் ஆய்வாளர் டேனியல் லீபர்மேன் குழுவினர் அவற்றில் சிலவற்றுக்குச் சமைத்த மெத்தென்ற உணவையும் சிலவற்றுக்குப் பச்சையாகக் கடின உணவையும் கொடுத்து வளர்த்தார்கள். மெத்தென்ற உணவு தின்றவற்றின் முகத்தில், கீழ்ப்பகுதியிலும் பின்பகுதியிலும் வளர்ச்சி சுமார் பத்து சதவீதம் குறைந்திருந்தது. மனிதர்களைப் பார்க்க நம் நாட்டுக்கே வந்தவர் மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி. 1980களில் சண்டிகர் பகுதியில் அவர் குழு ஆராய்ந்தபோது, கிராமத்து இளைஞர்களைவிட நகரத்து இளைஞர்களிடம் பல்வரிசைக் கோளாறு அதிகம் இருந்தது. ஒரே மண், ஒரே மக்கள். பரம்பரைக்குப் பங்கில்லை என்று இதற்குப் பொருளல்ல. அதனால், மகள் இனி கரும்பு கடித்தால் பற்கள் தாமாக இடம் தேடிக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். பல்லைப் பிடுங்கும் முன் இன்னொரு பல்சீரமைப்பு மருத்துவரையும் பாருங்கள். தாடையை விரித்தோ பல்லின் ஓரத்தைச் சற்றுத் தேய்த்தோ இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். சில வாய்களில் கிடைக்கும், சிலவற்றில் பிடுங்குவதே சரி.

சொத்தைக்கு வருகிறேன். 1940களில் சுவீடனின் லுண்ட் நகரில், விப்பெஹோல்ம் மருத்துவமனையில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு டாஃபி கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். தெரிந்தது இது: சாப்பாட்டோடு உண்ட சர்க்கரை அவ்வளவாகக் கெடுக்கவில்லை. இடையிடையே தின்ற, பல்லில் ஒட்டும் இனிப்பு சொத்தையைப் பெருக்கியது. ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன, எச்சில் அதைச் சரிசெய்யும் முன் அடுத்த வாய் வந்துவிடுகிறது. டீயில் நனைத்த பிஸ்கட் கடைவாய்ப்பல் குழியில் பசைபோல் அப்பிக்கொள்வதை நாக்கால் துழாவிப் பாருங்கள். வீட்டுக் கடலைமிட்டாயும் அப்படித்தான், வெல்லம் என்பதால் பல்லுக்குச் சலுகை இல்லை.

ஈறுக்குக் கடின உணவு பெரிதாக உதவாது. ஈறோரம் படியும் அழுக்கை பிரஷ்தான் எடுக்க வேண்டும்.

இனி மகன். அவனுக்குத் தாடை வளர இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. சோற்றை அப்படியே பிசைந்து கொடுங்கள், சப்பாத்தியைப் பிய்த்து அவன் கையில் கொடுங்கள், கொய்யாவை விதை நீக்கி மெல்லிய துண்டாக நறுக்கிக் கொடுங்கள். முழுக் கடலை மட்டும் இப்போது வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். முதல் வாரம் துப்புவான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் மென்று காட்டுங்கள்.