பேட்டரி மாற்றியபின் புது கார்டுக்குக் கதவு திறக்கவில்லை

உங்கள் ஜார்ஜ்டவுன் ஹோட்டலில் மூன்று அறைகளின் பூட்டுகள் மட்டும், பேட்டரி மாற்றியபின் புது கார்டுக்குச் சிவப்பு விளக்கு காட்டித் திறக்கவில்லை என்கிறீர்கள். கார்டை மறுபடி எழுதிப் பயனில்லை. பூட்டின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். இணைய இணைப்பில்லாத பூட்டு, கார்டில் உள்ள செக்-அவுட் நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டே திறக்கும். பேட்டரி இல்லாமல் சற்று நேரம் கிடந்தால் பல மாடல்களில் நேரம் அழிந்துவிடும்.

அதே கதவில், எல்லா அறைகளையும் திறக்கும் மாஸ்டர் கார்டை வைத்துப் பாருங்கள். திறந்தால், கார்டைப் படிக்கும் ரீடர் நன்றாக இருக்கிறது. முதலில் கவுண்டர் கணினியின் நேரத்தைச் சரிபார்த்து, பிறகு கையடக்கக் கருவியால் பூட்டுக்கு நேரம் ஏற்றுங்கள்.

மாஸ்டர் கார்டுக்கும் திறக்காவிட்டால் பேட்டரித் தகடுகளைப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் கடற்காற்றில் பச்சை பூத்திருக்கும். ரீசார்ஜ் பேட்டரி மட்டும் வேண்டாம்: 1.2 வோல்ட் வீதம் நான்கு சேர்ந்தாலும் 4.8 தான், அல்கலைன் என்றால் 6.