13 என்பது அம்மாவின் சீனி அளவு அல்ல

யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: அம்மாவுக்கு 61 வயது, நீரிழிவு இருக்கிறது. அப்பா தவறி நாற்பது நாள். யாரோ சொல்லி ஒரு தனியார் நிலையத்துக்குக் கூட்டிப் போக, ஒன்பது கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பி, "13 புள்ளி, நடுத்தர மனச்சோர்வு" என்றார்களாம். படிவத்துக்குத் தனிக் காசு, பத்து ஆலோசனை அமர்வுக்கு முற்பணம். கட்டலாமா?

கட்டாதீர்கள். அந்தப் படிவம் பிஎச்கியூ-9, மனச்சோர்வு இருக்குமோ என்று முதலில் சலித்துப் பார்க்கும் கேள்வித்தாள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், அதற்குக் காசு வாங்கியதிலேயே அவர்களைப் புரிந்துகொள்ளுங்கள்.

கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10ஐத் தொட்டால் வைத்தியர் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு வேலை இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் நித்திரை 3, களைப்பு 3, பசி 2, கவனம் 2, நடமாட்டம் மந்தம் 2, மனம் சோர்தல் 1, நாட்டமின்மை 0. கூட்டல் சரி. ஆனால் நோய் என்று சொல்ல, சோர்வு, நாட்டமின்மை இரண்டில் ஒன்றாவது பாதிக்கு மேற்பட்ட நாட்களில், அதாவது 2 புள்ளிக்குக் குறையாமல், இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இல்லை. மற்ற 12 புள்ளியையும் நீரிழிவும் துக்கமுமே கொடுத்துவிடக்கூடும். "நித்திரை வருகுதோ?" என்று கேட்டால் இந்த வயதில் பலர் சொல்வது, "எங்க டொக்டர், ராவில மூண்டு தரம் எழும்போணும்." சிறுநீருக்கு எழும்புவதும் படிவத்தில் மனச்சோர்வுப் புள்ளிதான்.

படிவம் கேட்பது கடந்த இரண்டு வாரத்தை. அதற்குள் 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டியே வந்துவிடுகிறது! மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு (டிஎஸ்எம்) முன்பு இழப்புக்குப் பிந்திய முதல் இரண்டு மாதத்தைப் பெரும்பாலும் நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. 2013இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அழுகிறவர் மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது.

இன்னொரு தந்திரம், "பத்து அமர்வில் புள்ளியைக் குறைத்துக் காட்டுகிறோம்" என்பது. மனச்சோர்வை அளக்க 1960இல் வந்த ஹாமில்டன் அளவுகோலில் 17 கேள்வி, அதில் மூன்று நித்திரை பற்றியவை. நித்திரைக் குளிசை கொடுத்தாலே புள்ளி இறங்கும். உங்கள் படிவத்திலும் அப்படித்தான். அமர்வுக்குப் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்: ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லது, தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பற்றியது அது. அதில் 1 இருந்தாலே, மொத்தம் வெறும் 3ஆக இருந்தாலும், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். 0 என்று இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். யாராவது பக்கத்தில் நிற்க எந்த அம்மா 1 போடுவார்? நீங்கள் அம்மாவோடு தனியாக இருந்து, வாய்விட்டு, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இரவில் பயம் வந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

மற்றபடி அரசாங்க வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், காசில்லை. கூட்டம் இருக்கும், சில நிமிடம்தான் கிடைக்கும். மேலே போகும் அறிக்கைக்கு எண் வேண்டும், ஆறுதலாகப் பேசியதை யாரும் எண்ணுவதில்லை. வைத்தியர்களான எங்களிலும் சிலர் படிவத்தைப் பார்த்துவிட்டு நேரே குளிசை எழுதுவார்கள். அதனால் சீனி அறிக்கையைக் கையில் கொண்டுபோய், தைராய்டும் இரத்தசோகையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பா தவறிய திகதியை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.