ஒரே ரீடின் அலைன்மென்ட்களைக் குழுவாக வைக்க டிக்‌ஷனரிக்குள் லிஸ்ட் போதுமா?

ரீட் என்பது கருவி படித்த ஒரு டிஎன்ஏ துண்டு, அலைன்மென்ட் என்பது அது மரபணுத்தொகுதியில் எங்கே பொருந்துகிறது என்ற பதிவு. ஒரு ரீட் பல இடங்களில் பொருந்தலாம். சில ஆயிரம் ரீட்கள் என்றால் தாராளமாகப் போதும். கோடிக்கணக்கில் போனால் வேண்டாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே செம்பனை (எண்ணெய்ப்பனை) மரபணுத் தரவுகளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு அலைன்மென்ட்டும் ஒரு ஆப்ஜெக்ட், ரீட் பெயருக்கு ஒரு லிஸ்ட் என்றுதான் நானும் தொடங்கினேன். 8 ஜிபி லேப்டாப் பாதிக் கோப்பிலேயே அப்படியே நின்றுவிட்டது. தரவைவிட ஆப்ஜெக்ட்களின் சுமைதான் இடத்தைத் தின்றிருந்தது.

எங்கள் தோட்டங்களில் வெட்டிய குலைகள் பாதையோரம் ஒரே வரிசையாகக் கிடக்கும். ஆளுக்கொரு கூடை கிடையாது. காம்பில் வெட்டியவரின் எண் இருக்கும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அதைப் பார்த்துக் கணக்கெழுதுவார். அலைன்மென்ட்களையும் அப்படியே வையுங்கள். எல்லாம் ஒரே நீண்ட அரேயில், குழு எண் வரிசையில். ஒவ்வொரு குழுவும் எங்கே தொடங்குகிறது என்பதற்கு மட்டும் இன்னொரு சின்ன அரே. மூன்று ரீட்களுக்கு முறையே 3, 1, 4 அலைன்மென்ட்கள் என்றால் தொடக்கங்கள் 0, 3, 4, 8 (கடைசி 8 முடிவைக் காட்ட). மூன்றாவது ரீடுடையவை 4 முதல் 7 வரை. தேடவே வேண்டாம். நீளம் மாறும் சிகார் சரங்களுக்கும் (ரீட் எப்படிப் பொருந்துகிறது என்பதன் சுருக்கக் குறிப்பு) இதே ஏற்பாடு பொருந்தும்.

ரீட் பெயரை ஒருமுறை எண்ணாக்கிவிடுங்கள். இருப்பிடத்துக்கு 32 பிட் போதும்: 2013-இல் வெளியான செம்பனை மரபணுத்தொகுதியின் மொத்த அளவே 1.8 பில்லியன் காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்)தான், 32 பிட் குறியுள்ள எண் 2.1 பில்லியனைத் தாண்டும். குழுக்கள் போகப்போக வளருமென்றால், பதிவோடு குழு எண்ணையும் சேர்த்துக் கடைசியில் தள்ளிக்கொண்டே வந்து, முடிவில் ஒரே முறை வரிசைப்படுத்துங்கள்.

"இந்த இடத்தின் மேல் எவை விழுகின்றன" என்பதுதான் உங்கள் முக்கியக் கேள்வி என்றால் கதை வேறு. அதற்கு இருப்பிட வரிசையில் ஒரு குறியெண் அரேயோ இன்டர்வல் ட்ரீயோ (ஓர் இடத்தின் மேல் விழும் வீச்சுகளைத் தேடும் மர அமைப்பு) வேண்டும், பதிவுகளை நகலெடுக்காதீர்கள்.

ஒவ்வொரு குழுவையும் ஒருமுறை பார்த்தால் போதுமா? அலைன்மென்ட் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் கருவியில் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் ஒரு ரீடின் வரிகள் அடுத்தடுத்து வரும். படித்து, கணக்கிட்டு, விட்டுவிடலாம். எதையும் சேமிக்கவே வேண்டியதில்லை.

ரீடின் வரிசைச்சரத்தை, அதாவது அதன் டிஎன்ஏ எழுத்துகளை, குழுவுக்கு ஒருமுறை மட்டும் வையுங்கள். இரண்டாம்நிலை அலைன்மென்ட்களில் (அதே ரீட் பொருந்தும் மாற்று இடங்கள்) பெரும்பாலும் அது வெறும் நட்சத்திரக் குறியாகத்தான் இருக்கும். முதன்மை அலைன்மென்ட்டின் ஃபிளாகில் (அதன் நிலைகளைச் சொல்லும் எண்) 16-க்கான பிட் இருந்தால் அந்தச் சரம் தலைகீழ் இணைச்சரம், அதாவது எதிர் இழையில் படித்த வடிவம். மூல திசைக்குத் திருப்பிய பிறகே சேமியுங்கள். இதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் தவறான முடிவுகளோடு திண்டாடியிருக்கிறேன்.